மாப்ளே, மைதானத்துக்கு ஏசி கெடையாது

மாப்ளே, நீ செல்லுல அனுப்புன நோட்டீச டீக்கடையில உக்காந்துதான் படிச்சேன். தனியா படிச்சா ருசிக்காதுன்னு நாலு பேருக்கு ஒரக்கப் படிச்சுக் காட்டுனேன். சிதம்பரத்துக்குக் கெழக்கால ஒரு தோப்புல புள்ளைங்களுக்குப் பத்து நாள் கோடை முகாமாம். இயற்கையோட சேந்து வாழக் கத்துக் குடுப்பாங்களாம். தங்கற ரூமு ஏசியாம். கடக்காத்து வர்ற எடத்துல சன்னல அடைச்சி, ஏசியப் போட்டுக்கிட்டு, உள்ள உக்காந்து இயற்கையோட வாழறதுக்கு நீ கட்டப்போற பணத்துல நான் ஒரு கறவ மாட்டுக்கு அச்சாரம் குடுத்துடுவேன். சரி, உன் பணம். நீ மெட்ராசுல உக்காந்து சம்பாரிச்சது. மாமன் வாயத் தொறக்கலப்பா.

மூணாம் நாள் காலையில 'சேற்றுக் குளியல்'னு போட்டிருக்குது பாரு, அந்த எடத்துலதான் நம்ம ஆளுங்களுக்குப் பொறையேறிப் போச்சு. எங்கழனியில சேத்துல எறங்கறவனுக்கு நான் கூலி குடுக்கணும். அங்க சேத்துல எறங்கறவன் கூலி குடுக்கறானாம். அடுத்த நடவுக்கு ஒரு போர்டு எழுதி மாட்டிடலாம்னு இருக்கறேன். டிக்கெட்டுக் கிழிக்க உங்கம்மாவ உக்கார வெச்சா ஒரு பைசா ஏமாறாது.

நாலாம் நாள் மரமேற்றம். தலைக்குத் தொப்பி, இடுப்புக்குக் கயிறு, கீழ தாங்கிப் புடிக்க ரெண்டு ஆளு, போட்டோ எடுக்க ஒருத்தன். இத்தினி பேரு ஒத்தாசைக்கு இருந்தா நானே ஏறிடுவேண்டா, எனக்கு எழுபது தாண்டிடுச்சு. இங்க காடாம்புலியூர் பக்கம் வந்தின்னா மே மாசம் முந்திரிக் கொல்லையில கால வெக்க முடியாது, அம்மாம் பழம் உழுந்து கெடக்கும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் வந்து பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வரிசையாப் படுக்க வெச்சிட்டுப் போச்சு, ஞாபகம் இருக்குதா? அதுக்கப்பறம் வெச்ச ஒட்டுக்கன்னெல்லாம் இப்ப ஆளாகி நிக்குது. பழைய முந்திரி ஒசரமாப் போவும். ஒட்டு முந்திரி தாழக் கெளைவிட்டுப் பரந்து நிக்கறதால, பத்து வயசுப் புள்ள ஏணி கேக்காம ஏறிடும். காஞ்ச கெளையில காலு வெக்காதடான்னு ஒரு வாட்டி சொன்னாப் போதும். பச்சக் கொட்டையப் பல்லுல கடிக்காதன்னு மட்டும் பத்து வாட்டி சொல்லணும். அந்தத் தோட்டு எண்ண பட்டுதுன்னா ஒதடு வெந்து கொப்பளம் போட்டுடும். இதுக்கு நான் சான்றிதழ் குடுக்கறதில்ல. சட்டையில படிஞ்ச முந்திரிப்பழக் கறை இருக்குது, அது எந்த சோப்புக்கும் போவாது.

அந்த நோட்டீசுல என்னை ரொம்பக் கவுத்துனது அஞ்சாம் நாள் சாயந்தரம்தான். 'நமது பாரம்பரிய விளையாட்டுகள், 45 நிமிடம்'. கிட்டிப்புள்ளு, பம்பரம், கோலி, பச்சக்குதிர எல்லாம் சேத்து 45 நிமிசம். சொல்லிக் குடுக்க ஒரு மாஸ்டராம், கழுத்துல விசிலாம். மாப்ளே, கிட்டிப்புள்ளுல ஆட்டம் தொடங்கறதுக்கே எங்களுக்கு 45 நிமிசம் ஆவும். மொதல்ல குச்சி தேடணும். மொழ நீளத்துக்கு ஒரு கிட்டி, வெரல் நீளத்துக்கு ஒரு புள்ளு, அதோட ரெண்டு மொனையும் சீவி இருக்கணும். சீவ அருவா வேணும். அருவாள எடுத்தா அப்பங்காரன் அடிப்பான். அதனால அவன் அசர்ற நேரம் பாக்கணும். அப்பறம் குழி நோண்டணும். குழி எங்கன்னு ஒரு சண்ட. யாரு மொதல்ல அடிக்கறதுன்னு ஒரு சண்ட. புள்ளு உழுந்த எடத்துலேருந்து குழி வரைக்கும் கிட்டியால அளக்கும்போது, கிட்டிய நவுத்தி வெச்சியா புரட்டி வெச்சியான்னு பெரிய சண்ட. தோத்தவன் மூச்சு விடாம 'கூ'ன்னு கத்திக்கிட்டே ஓடியாரணும். வழியில மூச்சு விட்டானா இல்லியான்னு அதுக்கொரு வழக்கு.

இம்மாஞ் சண்டைக்கும் பெரியவங்க ஒருத்தரும் வரமாட்டாங்க. வந்தா ரெண்டு பேருக்கும் சேத்து உழும்னு தெரியும். அதனால நாங்களே பேசி, திட்டி, காறித் துப்பி, ஒரு முடிவுக்கு வந்துதான் ஆவணும். வராட்டி ஆட்டம் கெடையாது, பொழுது எறங்கிடும். எட்டு வயசுல ஒருத்தன் நாயம் பேசக் கத்துக்கறது அங்கதான். உன்னோட மாஸ்டரு, சண்ட கெளம்பற நேரத்துல விசில ஊதி முடிச்சிடறாரு. அப்ப புள்ளைங்க குச்சியத் தட்டக் கத்துக்கிட்டு ஊட்டுக்குப் போவுது. அவ்வளவுதான்.

இன்னொண்ணு. சின்ன வாண்டு ஒண்ணு அழுதுக்கிட்டே பின்னால வந்தா நாங்க அத ஒப்புக்குச் சப்பாணியாச் சேத்துக்குவோம். அதுக்கு அவுட்டு கெடையாது, அது அடிச்ச புள்ளுக்குக் கணக்கும் கெடையாது, ஆனா ஆட்டத்துல இருக்கும். ரெண்டு வருசத்துல அதுவே எங்களத் தோக்கடிக்கும். இப்ப அஞ்சு வயசுக்கே தேர்வுப் பட்டியல் ஒட்டறீங்க. பேரு இல்லாத புள்ளயோட அம்மா, பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னு மாஸ்டருக்கு போன் போடுது.

அதுக்காக நான் முகாமே கூடாதுன்னு வேப்பமரத்தடியில உக்காந்து பெருமூச்சு உடற கெழவன்னு நெனச்சிடாத. எங்க காலம் மாதிரி வருமான்னு பேசற ஆளுங்களக் கண்டா எனக்கே ஆவாது. எங்க காலத்துல வெளையாடினவன் பாதி, வெளையாடாம ஆடு மேய்ச்சவன் பாதி. பொம்பளப் புள்ளைங்க கணக்குலயே இல்ல.

முகாமுன்னா இன்னான்னு ஊரு நூலகத்துல தேடிப் பாத்தேன். 1861-ல அமெரிக்காவுல கனெக்டிகட் பக்கம் பிரெடெரிக் கன்னுன்னு ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரு. பொண்டாட்டியோட சேந்து, படிக்கற பசங்களையெல்லாம் கடக்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போயி ரெண்டு வாரம் கூடாரம் போட்டு, படகு உட, மீன் புடிக்க வெச்சாராம். கோடை முகாமுக்கு அதான் மொதல் போணின்னு சொல்றாங்க. எப்பிடிக் கூட்டிக்கிட்டுப் போனாரு தெரியுமா? நடத்தி. சுமார் 40 மைலு. உன் புள்ள தெருமொனைக் கடைக்குப் போவ பைக்க எடுங்கப்பாங்கறான். அப்பறம் 1907-ல இங்கிலாந்துல பேடன் பவல், சாரணர் படைக்கு வெள்ளோட்டமா பிரவுன்சீ தீவுல ஒரு முகாம் போட்டாரு. அதுல அவரு பண்ணுன ஒரு வேலதான் எனக்குப் புடிச்சிது. பெரிய எடத்துப் பள்ளிக்கூடத்துப் பசங்களையும் கூலிக்காரன் ஊட்டுப் பசங்களையும் ஒரே கூடாரத்துல கலந்து போட்டாரு. நீ காசு கட்டற தோப்புல அந்தக் கலப்பு கெடைக்குமா? அம்மாம் பணம் கட்டறவன் புள்ளையோட அம்மாம் பணம் கட்டறவன் புள்ளதான் வெளையாடும். மெட்ராசு அடுக்குமாடியில பண்றத இங்க வந்து பண்ண என்னாத்துக்கு டீசலு?

அதான் சொல்றேன், கடலூருக்கு வா. வருசா வருசம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் எல்லா மாவட்டத்துலயும் கோடைகாலப் பயிற்சி முகாம் நடத்துது. நம்மளுக்குக் கடலூர் அண்ணா விளையாட்டரங்கம். ஏப்ரல் கடைசியில தொடங்கி மே நடுவுல முடியும். 18 வயசுக்குள்ள இருக்கற புள்ளைங்க சேரலாம். ஓட்டம், கால்பந்து, கையுந்துபந்து, கபடின்னு காலையில ஒரு வேள, சாயந்தரம் ஒரு வேள. தேவனாம்பட்டினத்து மீன்காரம்மா பேரனும் வருவான், கலெக்டர் ஆபீசு சூப்பிரண்டெண்டு மவளும் வருவா, முதுநகர்லேருந்து சைக்கிள மிதிச்சிக்கிட்டு ஒருத்தன் வருவான். ஏசி கெடையாது. குடிக்கற தண்ணிய நீதான் குடுத்தனுப்பணும். போட்டோக்காரன் கடைசி நாள்தான் வருவான். சான்றிதழ் உண்டு, அத நீ கண்ணாடி போட்டு மாட்டிக்கலாம்.

ரெண்டு வேளையா ஏன் பிரிச்சிருக்கறாங்கன்னு யோசிச்சியா? மே 4-ஆம் தேதி வாக்குல கத்திரி பொறக்கும், மாசக் கடைசி வரைக்கும் நின்னு வேவும். கடலூரு கடலோரம்தானே, குளுகுளுன்னு இருக்குமுன்னு நீ நெனைப்ப. மத்தியானத்துக்கு முன்னால கடக்காத்து ஏறிடுச்சின்னா தப்பிச்சோம். மேகாத்து பலமா அடிச்சி அதத் தள்ளி நிறுத்திடுச்சின்னா அன்னைக்கு 40 டிகிரிய மீறிப் போவும், காக்காகூடப் பறக்காது. அதனால பதினோரு மணிக்கு 'கூடுதல் பயிற்சி'ன்னு புள்ளையத் தனியா ஓட உடாத. பக்கத்து ஊட்டுப் பையன் ரெண்டு சுத்து ஓடறானேன்னு உனக்குக் கை அரிக்கும். அரிப்ப அடக்கு. தாகம் எடுத்தப்பறம் தண்ணி குடிக்கற புள்ள லேட்டு. ஓடறதுக்கு முன்னாலயே ஒரு சொம்பு குடிச்சிட்டுப் போவணும். நீராகாரத்துல உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் குடுத்தனுப்பு, மோரா இருந்தாலும் சரி. கலர் கலரா பாட்டில்ல விக்கற சக்கரத் தண்ணி வாணாம். ஆடிக்கிட்டு இருக்கற புள்ள தல சுத்துதுன்னா, ஒளறுனா, ஒடம்பு கொதிச்சா, 'சமாளிடா'ன்னு வீரம் பேசாத. நெழலுக்குத் தூக்கிட்டுப் போயி, ஒடம்பு பூரா தண்ணிய ஊத்தி, வீசிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

முட்டி பேந்தா அதுக்கு ஓடாத. கபடின்னா முட்டி பேரும். உன் மவன் செல்லுல புரோ கபடி பாத்துட்டு எனக்கே விதி சொல்லிக் குடுக்கறான். ஏழு பேரு, பாடிப் போறவனுக்கு 30 விநாடி, போனசு கோடு, எல்லாம் மனப்பாடமாச் சொல்றான். மண்ணுல உழுந்ததில்ல. பாடிப் போயிக் கோட்டத் தொடறதுக்குள்ள ஒரு ஆளு கணுக்காலப் புடிச்சா இன்னா ஆவும்னு செல்லு சொல்லாது. அடிபட்ட எடத்த சோப்புப் போட்டு நல்ல தண்ணியில கழுவு. காப்பித்தூள அப்பாத. அப்பறம் உன் பொண்டாட்டிகிட்ட நீ சொல்லிக்க, நான் அந்தப் பஞ்சாயத்துக்கு வரல.

இப்ப உனக்குன்னு ஒரு பயிற்சி சொல்றேன், கவனமாக் கேளு. காலையில புள்ளைய வாசல்ல எறக்கி உடற. எறக்குனதும் வண்டியத் திருப்பற. அவ்ளோதான். போன வருசம் பாத்தேன், கம்பி வேலி ஓரமா அப்பன் ஆத்தா அத்தினி பேரும் வரிசையா நிக்கறாங்க. ஒருத்தர் 'பாஸ் பண்ணுடா'ங்கறாரு. ஒருத்தர் 'ஷூட்டு ஷூட்டு'ங்கறாரு. ரெண்டும் ஒரே புள்ளைக்கு. ஒரு அம்மா பத்து நிமிசத்துக்கு ஒரு தரம் உள்ள ஓடிப்போயி மூஞ்சியத் தொடச்சி உட்டுட்டு வருது. அடைக்கு வெச்ச முட்டைய அரமணிக்கு ஒரு வாட்டி எடுத்து வெளிச்சத்துல புடிச்சிப் பாத்தா குஞ்சு எப்பிடிடா பொரியும்? பயிற்சியாளரு பாவம், புள்ளைங்களுக்கு அஞ்சு சதவீதமும் பெத்தவங்களுக்குத் தொண்ணூத்தஞ்சு சதவீதமும் பயிற்சி குடுத்துக்கிட்டு நின்னாரு. ஆட்டத்துல தோத்துட்டு வர்ற புள்ளகிட்ட 'ஏன் தோத்த'ன்னு கேக்காத. 'பசிக்குதா'ன்னு கேளு. மஞ்சக்குப்பத்துல நல்ல இட்லிக் கடை இருக்குது.

கேலி போதும். ஒரு விசயத்துல மட்டும் மாமன் கேலி பண்ணமாட்டேன். 2022 ஜூன் 5-ஆம் தேதி, ஞாயித்துக்கெழம, நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்துல கெடிலம் ஆத்துத் தடுப்பணையில குளிக்க எறங்குன ஏழு பேரு போயிட்டாங்க. அத்தினியும் பொண்ணுங்க, அதுல சின்னப் புள்ளைங்களும் உண்டு. நீயும் நானும் பாத்து வளந்த கெடிலந்தான். பாதி நாளு மணலாக் கெடக்கற ஆறு. ஆனா தடுப்பணைக்கு உள்ள ஆழம் எங்க, பள்ளம் எங்கன்னு மேலேருந்து பாத்தாத் தெரியாது. மணல் வாரின குழி தண்ணிக்குள்ள அப்பிடியே இருக்கும். இடுப்பளவுன்னு நம்பி வெச்ச அடுத்த காலுக்குத் தரை இருக்காது. ஒருத்தி முங்கறான்னு இன்னொருத்தி கையக் குடுக்க, அவளும் போவா.

எங்களுக்குக் கெணத்துல நீச்சல் வந்துது. பம்புசெட்டுக் கெணத்துல, இடுப்புல சொரக்குடுவையக் கட்டி, மாமங்காரன் தள்ளி உட்டான். பொழச்சவன் கத்துக்கிட்டான். அந்த வழிய இன்னைக்கு யாருக்கும் சொல்லமாட்டேன், அதுல பொழைக்காதவனும் உண்டு. கெணறுந்தான் தூந்து போச்சு. அண்ணா விளையாட்டரங்கத்துல நீச்சக்கொளம் இருக்குது. கத்துக் குடுக்க ஆளு இருக்குது. மத்த எந்த வெளையாட்டுல சேக்கலன்னாலும் ரெண்டு புள்ளைங்களையும் அதுல சேத்து உடு. நெஞ்சளவு தண்ணியில மல்லாக்க மெதக்கத் தெரிஞ்சாலே பாதி உசுரு மிச்சம். முங்கறவனக் காப்பாத்தக் குதிக்கக் கூடாது, கயிறோ துண்டோ கழியோ நீட்டணும், அதையும் சொல்லிக் குடுக்கச் சொல்லு. சாயந்தரம் வெள்ளிக் கடக்கரைக்குப் போனா முட்டியளவுக்கு மேல வாணாம். அல இழுத்துக்கிட்டுப் போனா கரையப் பாத்து எதிர்த்து நீஞ்சித்தான் பாதிப் பேரு களைச்சிப் போறான். கரைக்கு இணையா, பக்கவாட்டுல நீஞ்சி அந்த இழுப்ப உட்டு வெளிய வரணும். கடல் ஓரத்துல பொறந்த புள்ளைக்கு இது அ, ஆவுக்கு முன்னால தெரியணும்.

ஞாயித்துக்கெழம முகாமுக்கு லீவு உடுவாங்க. அன்னைக்கு சிதம்பரம் கெளம்பு. பிச்சாவரம் அலையாத்திக் காடு சிதம்பரத்துலேருந்து 15 கிலோமீட்டர் போல. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துப் படகுத் துறையில மோட்டார் படகும் இருக்குது, துடுப்புப் படகும் இருக்குது. நீ மோட்டாருலதான் கைய வெப்ப, எனக்குத் தெரியும். துடுப்புல போ. மோட்டார் போறது அகலமான வாய்க்கால்ல, சத்தத்துல நாரை கொக்கெல்லாம் முன்னாலயே பறந்துடும். துடுப்புப் படகுதான் சுரபுன்னை வேரு ரெண்டு பக்கமும் எறங்கி நிக்கற குறுக்கு வாய்க்காலுக்குள்ள நொழையும். 1975-ல எம்ஜிஆரு 'இதயக்கனி' எடுத்த எடம்னு நீ ஆரம்பிச்சிடாத, புள்ளைங்களுக்கு எம்ஜிஆரே ரெண்டு வாட்டி சொல்லணும். தில்லை மரத்தக் காட்டு. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேரு வாங்கிக் குடுத்த மரம் ஊருக்குள்ள இல்ல, இங்கதான் நிக்குது. கெளைய மட்டும் ஒடிக்க உடாத. அந்தப் பாலு கண்ணுல பட்டா பார்வைக்கே மோசம்.

கிள்ளைப் பக்கத்து இருளர் சனங்க அந்த வாய்க்கால்ல வெறுங்கையால எறாப் புடிக்கறதப் பாக்கற பாக்கியம் இருந்தா, நின்னு பாருங்க. வாயில பறியக் கவ்விக்கிட்டு, ரெண்டு கையாலயும் அடிச் சேத்தத் தொழாவி, கைக்குப் பட்ட எறாவ நழுவ உடாம பறிக்குள்ள போடுவாங்க. கழுத்தளவு தண்ணி, மணிக்கணக்கா. உன் நோட்டீசுல 'சாகசம்'னு பெரிய எழுத்துல போட்டிருக்குதே, அந்த ஆளு இத எல்லாம் ஒரு நாளு செஞ்சி காட்டட்டும். சுனாமி வந்த அன்னைக்கு இந்தக் காடு நடுவுல நின்னு தன் பின்னால இருந்த ஊருங்கள ஓரளவு தாங்குச்சுன்னு பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் ஆராய்ச்சிக்காரங்க கணக்கெடுத்து எழுதியிருக்கறாங்க. படகுல போவும்போது அதச் சொல்லு. படகு ஜாக்கெட்ட நீயும் மாட்டிக்க, தொப்பை இடிக்குதுன்னு கழட்டாத.

திரும்பி வரும்போது நடராசர் கோயிலுக்குள்ள ஒரு எட்டு போ. எதுக்குன்னா, உன் நோட்டீசுல தெனமும் காலையில 'உடல் நெகிழ்வுப் பயிற்சி, வெளிநாட்டு முறை'ன்னு ஒண்ணு இருக்குது. கோபுர வாசல்ல உள்பக்கச் செவுத்தப் பாரு, 108 கரணமும் கீழேருந்து மேல வரைக்கும் செதுக்கி வெச்சிருக்கறான். காலத் தூக்கித் தலைக்கு மேல கொண்டு போறது, இடுப்ப முறுக்கறது, பின்பக்கம் வளையறது, எல்லாம். தஞ்சாவூரு பெரிய கோயில்லயும் கரணம் இருக்குது, அங்க 81-ல வேல நின்னு போச்சு, ஆடறது சிவன். சிதம்பரத்துல ஆடறது யாருன்னு உம் மவள உட்டுக் கண்டுபுடிக்கச் சொல்லு. எல்லாம் பொம்பளைங்க. ஒருத்திக்கும் வெயில் ஒத்துக்காதுன்னு யாரும் சொன்னாப்பல தெரியல.

ஆங், இப்பத்தான் பேச்சு எங்க வரணுமோ அங்க வந்துது. போனுல நீ மவன எந்த வெளையாட்டுல சேக்கறதுன்னு அரமணி நேரம் பேசுன. மவ பேச்ச எடுத்ததும் 'அவளுக்கு வெயில் ஒத்துக்காது மாமா, கையெழுத்துப் பயிற்சிக்கு அனுப்பறோம்'னு ரெண்டே வார்த்தையில முடிச்சிட்ட. பதிமூணு வயசுப் பொண்ணு. உன் மவன் கோலுக்குக் குறுக்க நின்னுக்கிட்டு 'பந்து வேகமா வருது'ன்னு அழுதப்ப, எட்டி ஒதைச்சது யாருன்னு கேட்டியா? போன பொங்கலுக்கு எங்க களத்து மேட்டுல நடந்த கதை. வைக்கப்போர்ல பந்து சொருவி நின்னுது. எங்காளுங்க ரெண்டு பேரு ஏணி போட்டு எடுத்தாங்க.

நீ பொறந்த ஊரு எந்த ஊருன்னு உனக்கே மறந்து போச்சு மாப்ளே. இதே கடலூர்ல எஸ். மாரியப்பன் பயிற்சி குடுக்கற இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி இருக்குது. பொண்ணுங்க கால்பந்து. சுனாமியில பெத்தவங்களப் பறிகுடுத்துட்டு அரசு இல்லத்துல இருந்த பொண்ணுங்களும் அங்க வந்து பந்த ஒதைச்சாங்க. அந்த அணி இந்திய மகளிர் லீக்குலயே போயி ஆடுனுது. பெரிய ஊருக் கம்பெனி அணிங்களுக்கு எதிரா நம்ம கடலூர்ப் புள்ளைங்க. இந்துமதி கதிரேசன் நம்ம கடலூர்ப் பொண்ணு, இந்திய அணிக்கு நடு ஆட்டக்காரியாப் போயி ஆடுனா. தமிழ்நாட்டுப் போலீசுல எஸ்.ஐ. 2018-ல கட்டாக்குல தேசிய மகளிர் கால்பந்து இறுதி ஆட்டம். எதிர்ல மணிப்பூரு. அந்தக் கோப்பைய அவங்க ஊட்டுச் சாமான்னு நெனச்சிக்கிட்டு இருந்தவங்க. நம்ம தமிழ்நாடு 2-1-ல அடிச்சி மொதல் தடவையா அத எடுத்துக்கிட்டு வந்துது. 2023-ல அமிர்தசரசுல அரியானாவ அதே 2-1-ல அடிச்சி மறுபடியும் எடுத்துது. அந்தப் பொண்ணுங்கள்ல யாரு அப்பனும் வெயிலப் பத்திப் பேசல. பேசியிருந்தாலும் அதுங்க காதுல வாங்கியிருக்காதுங்க.

கருத்துப் போவா, கல்யாணத்துக்குப் பாக்கும்போது சொல்லுவாங்கன்னு உங்க மாமியாரு சொல்றாங்களாம், கேள்விப்பட்டேன். உங்க மாமியாருக்கு எங்கும்புடு சொல்லு. நெய்வேலிச் சுரங்கம் எவ்ளோ கருப்பு, எல்லாருக்கும் கரண்டு குடுக்கலியான்னு மாமா கேட்டாருன்னு சொல்லு. வாணாம், இத மட்டும் சொல்லாத. அவுங்க ஏற்கெனவே எம்மேல வருத்தத்துல இருக்கறாங்க.

கையெழுத்துப் பயிற்சிய மவனுக்கு மாத்து. அவன் எழுதுன பொங்கல் வாழ்த்து வந்துது, யாரு அனுப்புனதுன்னு தெருவே கூடிப் படிச்சோம்.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன வெள்ளிக்கெழமயே நானும் உங்கம்மாவும் கடலூருக்கு பஸ் ஏறிப் போயிட்டு வந்துட்டோம். இப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல பதியணுமாம், அரங்கத்துக்கு எதிர்ல ஒரு கடைப் பையன் பதிஞ்சி குடுத்தான். உன் மவளோட ஆதார் நகலு உங்கம்மாகிட்ட பத்தரமா இருந்துது. பொறந்த தேதி சரியாத்தான் இருக்குது, தொலைபேசி எண்ணுக்கு உன்னோடத குடுத்திருக்கறேன். ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கும், பாங்குக்காரன்னு நெனச்சி அழிச்சிட்டியான்னு பாரு. 'விளையாட்டு' அப்படின்ற கட்டத்துல கால்பந்து. காலையில கால்பந்து முடிஞ்சதும் நீச்சலு. அவகிட்ட போனுல கேட்டுட்டுத்தான் போட்டேன், அவ உங்கிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கறா. அதனால திட்டாத.

ஷூ அஞ்சாம் நம்பரு வேணுமாம். அடியில கட்டை வெச்ச ஷூ, கால்பந்துக்குன்னே விக்கறது. பள்ளிக்கூடத்து வெள்ள ஷூவத் தலையில கட்டிடாத. முட்டிக்குக் கீழ வெச்சிக்கற அட்டையும் ஒரு சோடி. நீளமான சாக்ஸு. இதெல்லாம் அவதான் சொன்னா, நான் வெறும் சீட்டு எழுதுனேன்.

மவனுக்கா? அவனுக்கு நான் பதியல மாப்ளே. நீ வந்து வரிசையில நில்லு.